படித்துக் காட்டியவர்

"பத்து ரூபாய்க்குக் கீரை வாங்கினாலும் பிரிச்சுப் பாக்கற. வக்காலத்துல மட்டும் என்ன ஏதுன்னு கேக்காம கைநாட்டு வெப்பியா?"

வக்கீல் கோவிந்தப்பனின் குரல் ஓசூர் கோர்ட் எதிரே இருக்கும் டீக்கடை வரை கேட்டது. அவர் திட்டினால் கேஸ் ஜெயித்த மாதிரிதான் என்று கட்சிக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதனால் கெம்பம்மா திட்டு வாங்கிக்கொண்டே தைரியமாக உட்கார்ந்திருந்தாள்.

"கூடப் பொறந்த அண்ணன்தானேன்னு நம்பிட்டேன் சார். ஷிப்டுக்குப் போற நேரம் பாத்து கம்பெனி கேட்டுக்கே வந்தாரு. 'நம்ம தங்கச்சி பங்கு கேட்டு ரெண்டு பேர் மேலயும் கேஸ் போட்டிருக்கா, என் வக்கீலே உனக்கும் பாத்துக்குவாரு'ன்னு பைக் சீட்டு மேல தாளை வெச்சு ரேகை வாங்கிட்டுப் போய்ட்டாரு."

"நல்லாவே பாத்துக்கிட்டாரு! அந்த வக்காலத்தை வெச்சு, 'எனக்குப் பங்கே வேணாம்'னு உன் பேர்ல கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்காரு."

கெலமங்கலத்தில் அப்பா விட்டுப்போனது மூன்று ஏக்கர். அதில் ஒன்று கெம்பம்மாவுக்கு வரவேண்டியது. வாடகை வீட்டைக் காலி செய்து அங்கே ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய பத்து வருஷத்து ஆசை.

பக்கத்து அறை வக்கீல் தலையை நீட்டினார். "சார், ஒரு அட்டெஸ்டேஷன், சாட்சிக் கையெழுத்துதான்."

கோவிந்தப்பன் பேச்சை நிறுத்தாமலே அந்தத் தாளில் கையெழுத்தும் முத்திரையும் போட்டு அனுப்பினார்.

"கேளும்மா. படிக்கத் தெரியாதவங்க வக்காலத்துல, வேற ஒரு வக்கீல் சாட்சிக் கையெழுத்துப் போடணும். 'இவங்களுக்குத் தெரிஞ்ச பாஷையில படிச்சுக் காட்டினேன், புரிஞ்சுகிட்டு என் முன்னாடி ரேகை வெச்சாங்க'ன்னு. உனக்கு யாராவது உன் பாஷை கன்னடத்துல படிச்சுக் காட்டினாங்களா?"

"ஒருத்தர் மூஞ்சியும் நான் பாக்கல சார்."

"அப்ப அது பொய்க் கையெழுத்து! அந்த ஆளைக் கூண்டுல ஏத்தி, 'இந்தம்மாவுக்கு நான் எதையும் படிச்சுக் காட்டல'ன்னு சொல்ல வெச்சுட்டா போதும். உன் அண்ணனோட வக்கீல் எழுதினது நிக்காது. ஒரு ஏக்கர் உனக்குத்தான். பொய்க் கையெழுத்துப் போட்டவனை நான் சும்மா விடப்போறதில்ல. போட்டிருக்கற கறுப்புக் கோட்டுக்கே அவமானம்!"

அந்தப் பழைய வக்காலத்தின் நகலோடு ஜூனியர் வக்கீல் சரிதா கோர்ட்டிலிருந்து வந்தாள். வந்தவள் தயங்கி நின்றாள்.

"சார், இதை நீங்க மட்டும் தனியா ஒரு தரம் பாத்துடுங்களேன்."

"இதுல என்ன ரகசியம்? கொடும்மா."

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

கெம்பம்மாவுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. "அந்த ஆளு பெரிய எடமா சார்? கோர்ட்டுக்கு வந்து உண்மையச் சொல்லுவாரா?"

கோவிந்தப்பன் அவளுக்காக எழுதி வைத்திருந்த புது வக்காலத்தை எடுத்தார். அதில் தன் பெயரை அடித்துவிட்டு, மேலே சரிதாவின் பெயரை எழுதினார்.

"சரிதா, பக்கத்து ரூம் வக்கீலைச் சாட்சியா கூப்பிட்டு வெச்சுகிட்டு, இந்தம்மாவுக்கு ஒரு வரி விடாம கன்னடத்துல படிச்சுக் காட்டு. புரிஞ்சுதுன்னு அவங்க வாயால சொன்ன பிறகு ரேகை வாங்கு."

கெம்பம்மா பதறிப்போனாள். "ஏன் சார், எனக்காக நீங்க வாதாட மாட்டீங்களா?"

"சாட்சி சொல்றவன் அதே கேஸ்ல வக்கீலா நிக்கக் கூடாதும்மா. அந்த ஆளு கண்டிப்பா வந்து உண்மையச் சொல்லுவான்" என்றார் கோவிந்தப்பன். "இந்தக் கையெழுத்து என்னோடது."