அடைப்புக்குறிக்குள்

உணவு இடைவேளைக்கு நான்கு நிமிடம் இருக்கிறது. நன்னடத்தைக் கைதிகளை முன்கூட்டியே விடுவிக்கும் சலுகையை நிறுத்துகிற மசோதாவைப் பேரவைத் தலைவர் கடகடவென்று வாசிக்கிறார். மேலே, பார்வையாளர் மாடத்தில் அடுத்த மாதம் விடுதலையாக இருந்த ஒருவனின் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்கு எடுத்த புதுச் சட்டையை வாசலில் காவலர்கள் வாங்கிவைத்துக்கொண்டு கொடுத்த டோக்கன் அவள் உள்ளங்கையில் வியர்த்துக் கிடக்கிறது. "நான் எதிர்த்துப் பேசுறேன்மா, கவலப்படாதீங்க" என்று காலையில் சொன்ன உறுப்பினர் கீழே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "ஆம் என்போர்?" மேசைகள் தடதடக்கின்றன. "இல்லை என்போர்?" மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. உறுப்பினர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னொரு தரம் ஊதித் துடைக்கிறார். "இல்லைங்கய்யா! இல்லை!" என்று அம்மா மாடத்திலிருந்து கத்துகிறாள். பெண் காவலர் அவள் வாயைப் பொத்துகிறார். "அந்தம்மாவுக்கும் பசிக்குது போல, சீக்கிரம் முடிங்க தலைவரே" என்கிறார் முன்வரிசை அமைச்சர். அவை குலுங்கிச் சிரிக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறுப்பினரும் சிரிக்கிறார். "மசோதா ஒருமனதாக நிறைவேறியது." மாடத்துக் குரலை அவைக்குறிப்பில் ஏற்றக் கூடாது என்பது விதி. விதி தவறாத சுருக்கெழுத்தாளர், அமைச்சரின் பேச்சுக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு ஒரே ஒரு சொல்லை எழுதுகிறார்: சிரிப்பு.