அடுப்படி, காலை ஏழு மணி

“மீன் வந்துருச்சு சார்! ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டங்கூட்டமா வந்துருச்சு!”

ஒலிப்பதிவு அறைக்குள் டேப் சார் கால் வைத்ததுமே டாக்டரம்மா கத்திவிட்டார். பவளப்பாறை ஆராய்ச்சிக்கே தலைவி. ஆனால் அந்தக் கத்தல் பரீட்சையில் பாஸான பிள்ளையின் கத்தல் மாதிரி இருந்தது.

டேப் சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். முப்பது வருஷம் இதே அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படகில் போய், தண்ணீருக்குள் மைக்கை இறக்கி, பாறையின் சத்தத்தைக் கேசட்டில் பிடித்து வருவது அவர் வேலை. சொந்தப் பேர் போய் டேப் சார் என்பதே பேராகிவிட்டது.

“ஸ்பீக்கரைக் கடல்ல இறக்கி எத்தனை நாளாச்சும்மா?”

“நாப்பத்தோரு நாள் சார். இந்த மாசக் கடைசிக்குள்ள மீன்குஞ்சு வரலைன்னா பாறையைக் கைவிட்டுடுங்கன்னு மேலிடத்துல கடுதாசியே போட்டுட்டாங்க. நேத்து முங்கிப் பாத்தவங்க, எண்ண முடியல மேடம்னு மேல வந்துட்டாங்க!”

மூன்று கோடைக்கு முன்னால் கடல் சூடேறி, பாறை முழுக்க எலும்பு மாதிரி வெளுத்துப் போயிருந்தது. மீன்கள் போயின. கூடவே சத்தமும் போயிற்று. நடுக்கடலில் மிதக்கிற குஞ்சுகள் சத்தத்தை வைத்துத்தான் வீடு தேடும். ஊமையாகிப்போன பாறைக்கு எது வரும்?

பாறை நன்றாக இருந்த காலத்துச் சத்தத்தைத் தண்ணீருக்குள் ஸ்பீக்கர் வைத்து ஒலிபரப்பி, அவற்றைக் கூப்பிடலாம் என்பது டாக்டரம்மாவின் திட்டம். ஆனால் பழைய கேசட்டுகள் இருந்த அறையில் மழைத்தண்ணீர் புகுந்து அத்தனையும் பூஞ்சை பிடித்துவிட்டன. தப்பியது ஒன்றே ஒன்று. டேப் சார் வீட்டுப் பரணில், பழைய பாத்திர மூட்டைக்குள் கிடைத்தது. அங்கே எப்படிப் போனது என்று அவருக்கே தெரியவில்லை.

அதை எடுத்து மேஜையில் வைத்தார் டாக்டரம்மா. லேபிளில் முத்து முத்தாக, ‘அடுப்படி, காலை ஏழு மணி.’

“உங்க கையெழுத்தா சார்? இவ்வளவு அழகா இருக்கு?”

“என் எழுத்து எனக்கே புரியாதும்மா. எல்லா கேசட்டுக்கும் என் வீட்டுக்காரிதான் எழுதுவா. பாறைக்கு அடுப்படின்னு பேர் வச்சவளும் அவதான்.”

“அது என்ன பேரு சார்?”

“முதல் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். பொடி இறாலுங்க கொடுக்கைச் சொடுக்கிச் சொடுக்கி, பாறை பூரா படபடன்னு பொரியுமில்ல? இதுக்கா விடியக்காலம் எந்திரிச்சு ஓடுறீங்க, என் அடுப்படியிலயும் இதே சத்தம்தானேன்னா. ரெண்டும் ஒண்ணா, காது இருக்கா உனக்குன்னு நான் குதிச்சேன். ஆனா படகுல எல்லாருக்கும் அந்தப் பேர்தான் ஒட்டிக்கிச்சு.”

டாக்டரம்மா சிரித்தார். “உங்க காது லேசுப்பட்டதா சார்? இந்தச் சத்தம் வேற மாதிரி இருக்குன்னு கம்ப்யூட்டர் முரண்டு பிடிச்சப்ப...”

“உங்க கம்ப்யூட்டர் என்னைக்காவது கடல்ல முங்கியிருக்கான்னு கேட்டேன்.”

“ஒரே நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டுட்டு, எந்தக் கொம்பன் சொன்னாலும் இது நம்ம பாறைதான்னீங்களே! அந்த முதல் பத்து நிமிஷத்தைத்தான் சார் திருப்பித் திருப்பி ஓடவிட்டோம். இந்தாங்க, பத்திரமா வச்சுக்கோங்க.”

டேப் சார் கேசட்டை வாங்கினார். தடவிப் பார்த்தார். திருப்பி நீட்டினார்.

“கடைசி வரைக்கும் ஒரு தடவை போடுறீங்களாம்மா? வீட்டு டேப்பு செத்துப்போச்சு.”

“மிச்சமும் அதே படபடதானே சார்?”

டேப் சார் லேபிளில் இருந்த எழுத்தைப் பார்த்தார்.

“அவ போயி ஆறு வருஷமாச்சு. முப்பது வருஷம் கடலைப் பிடிச்சவன், அவ குரலை ஒரு நிமிஷம் பிடிச்சு வைக்கல. எப்படிக் கூப்பிடுவாங்கிறதே மறந்துக்கிட்டு வருதும்மா. மைக்கை வீட்ல வச்சுத் துடைக்கிறப்ப தெரியாத்தனமா எந்தக் கேசட்டுலயாவது அவ குரல் விழுந்திருக்கும்னு நினைச்சிருந்தேன். எல்லாம் பூஞ்சையாப் போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்.”

“ஆனா சார், கடலுக்கடியில பிடிச்சதுல அவங்க குரல் எப்படி...”

“தெரியும்மா. சும்மா போடுங்க.”

டாக்டரம்மா போட்டார். படபடவென்று அறை முழுக்கப் பொரிந்தது. டேப் சார் கண்ணை மூடிக்கொண்டார். இருட்டு பிரியாத கரை, படகின் டீசல் வாடை, அவள் வாசல் வரை வந்து கையில் திணிக்கிற தூக்குவாளி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பத்து நிமிஷம் போயிற்று. பதினைந்து போயிற்று. டாக்டரம்மா நிறுத்தலாமா என்று கையை நீட்டினார்.

‘டங்’ என்று ஒரு கரண்டி சட்டியில் தட்டியது.

டேப் சார் கண்ணைத் திறந்தார். படபடப்பு மெல்ல அடங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பெண் குரல் கேட்டது:

“என்னங்க, காது இருக்கான்னு கேட்ட ஆளு, இப்ப சொல்லுங்க பாப்போம், இது உங்க அடுப்படியா, என் அடுப்படியா? மீன் பொரிஞ்சிருச்சு, சாப்பிட வாங்க!”