மாப்பிள்ளைக்கு ஒரு பிக்கப்

அந்த மெக்கானிக்குக்குத் தெருவில் 'நாளைக்கு' என்று பெயர். எந்த வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார்.

போயும் போயும் அவரிடமா சிமெண்ட் கடை முதலாளி வண்டியைக் கொடுத்தார் என்று ஊரே பேசியது.

விஷயம் சின்னது. முதலாளியிடம் பதினெட்டு வருஷத்துப் பழைய பிக்கப் ஒன்று கிடந்தது. அவர் தங்கை கணவருக்கு ஆலை மூடி எட்டு மாதமாக வேலையில்லை. வண்டியை மாப்பிள்ளைக்கே கொடுத்துவிடுகிறேன், ஓட்டிப் பிழைத்துக்கொள்ளட்டும் என்றார் முதலாளி. அதுவும் சும்மா இல்லை. பெரிய எஞ்சின் போட்டு.

இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள்?

இந்தக் கேள்வியைக் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் முதலாளியே கேட்டார்.

ஏதோ ஒரு லாரியில் கழற்றிய எஞ்சின். மெக்கானிக் பழையதைத் தூக்கி ஓரமாக வைத்தார். புதியது உட்காரத் தாங்கிகள் வெல்டு செய்தார். ரேடியேட்டரை மாற்றினார். சைலன்சர் குழாயை வளைத்தார். பத்தாம் நாள் ஸ்டார்ட் செய்தபோது பக்கத்துக் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. முதலாளி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

மெக்கானிக் அதோடு விட்டாரா? பிரேக்கையும் மாற்றணும் என்றார்.

"எஞ்சின்தானேய்யா கேட்டேன். நடுவுல பிரேக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"பழைய எஞ்சின் ஒரு டன்னுக்கு மேல இழுக்காது முதலாளி. மேட்டுலயே நின்னுடும். இது ரெண்டு டன்னை ஏத்திடும். ஏறினா அந்தப் பக்கம் இறங்கணும்ல? அந்த வெயிட்டோட இறங்கும்போது இந்தப் பிரேக்கு பிடிக்காது."

ஊரை ஒட்டிய அந்த மேட்டுக்கு மறுபக்கம்தான் புது வீடுகள் எழும்புகின்றன. முதலாளியின் சிமெண்டும் அங்கேதான் போகவேண்டும். மாப்பிள்ளை யாருடைய சரக்கை ஏற்றப்போகிறார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

எத்தனை நாள் ஆகும் என்றார் முதலாளி. ஒரு வாரம் என்றார் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுக்கிற விழா. தெருவையே அழைத்தாகிவிட்டது. போட்டோக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது.

"பானெட்டைத் தூக்கினா எஞ்சின் தெரியும்," என்றார் முதலாளி. "பிரேக்கை எவன் குனிஞ்சு பார்க்கப் போறான்?"

இது வெளியே வேறு மாதிரி பரவியது. ஒன்றைக் கேட்டால் ஒன்பதைத் தலையில் கட்டுகிறான் என்றார்கள். நல்லது செய்ய வந்தவனையும் கறக்கிறான் என்றார்கள். வேலையில்லாதவன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறான் என்று சலூனில் ஒருவர் பாதி முகச் சோப்போடு எழுந்தே நின்றாராம்.

கடைசியில் மாப்பிள்ளையே பட்டறைக்கு வந்து நின்றார். மூன்று மாத வாடகை நிற்கிறது, வீட்டுக்காரர் பாத்திரத்தை எடுத்து வெளியே வைக்கிற நிலைமையில் இருக்கிறார் என்றெல்லாம் சொன்னார்.

"எனக்கு இந்தப் பிரேக்கே போதும்ணே. வண்டி வெளிய வந்தாப் போதும்."

மெக்கானிக் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். நாளைக்கு வாங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை வாசலில் கூட்டம். முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்தார். சாவியோடு முதல் லோடும் கையோடு போகட்டும் என்று காலையிலேயே நாற்பது மூட்டை சிமெண்ட், முழுசாக ரெண்டு டன், ஏற்ற வைத்திருந்தார். அப்பா வண்டியில்தான் வருவோம் என்று பிள்ளைகள் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். தங்கை அண்ணனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பானெட் திறக்கப்பட்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

முதலாளி பேசினார். சுருக்கமாகப் பேசுகிறேன் என்று தொடங்கி இருபது நிமிடம் பேசினார்.

"வண்டி என்னங்க பெரிய வண்டி? என் தங்கச்சி குடும்பத்துக்காக நான் உசிரையே குடுப்பேன்."

கைதட்டினார்கள்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். சாவி அவரிடம் இருந்தது.

"பிரேக்கு பழசுதான், மாத்தல," என்றார். "பிள்ளைங்க இறங்கட்டும். நான் ஓட்டறேன். மேடேறி அந்தப் பக்கம் இறங்கிட்டு வந்துடலாம். முதலாளி, நீங்க பக்கத்துல உக்காருங்க. திரும்பி வந்ததும் சாவியை மாப்பிள்ளை கையில குடுத்துடறேன்."

கூட்டத்துக்கு இது பிடித்துப்போயிற்று. ஏறுங்க முதலாளி, ஏறுங்க என்றார்கள். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

முதலாளி படியில் ஒரு காலை வைத்தார். மேட்டைப் பார்த்தார். பின்னால் இருந்த நாற்பது மூட்டையைப் பார்த்தார். காலைக் கீழே எடுத்து வைத்தார்.

"வேணாம்பா, மாப்பிள்ளையே ஓட்டிட்டுப் போகட்டும்," என்றார். "எனக்குக் குடும்பம் இருக்கு."

தங்கை வண்டிக்குப் பின்னால் போய், மூட்டைமேல் உட்கார்ந்திருந்த தன் மூன்று பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள்.