ஆத்தாளுக்கு ஒரு கைப்பிடி

"சாந்தம்மா, ஆத்தாளுக்குப் புதுச் சாமை போடும்மா."

வாசலில் கூடையோடு பூசாரி பஞ்சாட்சரம் நின்றார். சாந்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கைப்பிடி சாமை வாங்கி, ஆத்தாளுக்குப் பொங்கல் வைத்து நன்றி சொல்வது ஜவ்வாது மலையில் அந்த ஊர் வழக்கம்தான். அதற்காக விளைந்த வீடு எது, அழிந்த வீடு எது என்றுகூடவா ஒரு மனுஷன் பார்க்க மாட்டார்?

அவள் நிலம் காட்டோரத்தில் இருந்தது. நாளைக்கு அறுக்கலாம் என்று இருந்தபோது காட்டுப்பன்றிகள் புகுந்து உழப்பிவிட்டுப் போயின. மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது. பொறுக்கி வந்து முறத்தில் போட்டுப் புடைத்தால் எல்லாம் பதர்.

"தெரிஞ்சிதான் கேக்கறீங்களா மாமா? எங்கூட்டுல இன்னா கீது போடறதுக்கு?"

"இருக்கறதப் போடு. ஒரு வூடும் வுட்டுப் போவக் கூடாது."

"பன்னி தின்னுட்டுப் போனதுக்கு ஆத்தாளுக்கு நன்றி சொல்லணுமா?"

"அர்ச்சுனன் பன்னி வெரட்டப் போனானே, கை கால் நல்லாத்தான கீறான்? அதுக்குச் சொல்லு."

நல்ல நியாயம். கை கால் நன்றாக இருக்கிற அந்தப் புருஷன், விடிந்ததும் படவேட்டுக்கு இறங்கிப் போயிருந்தான், கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியைப் பார்க்க. மலைக்கு பஸ் வராத காலம், நடைதான். தின்னவும் சாமை இல்லை, அடுத்த வருஷம் விதைக்கவும் இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் கீழே போக வேண்டியதுதான். அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மா நேற்று ஒரு கூடை சாமையைக் கொண்டுவந்து நீட்டத்தான் செய்தாள். "பிச்சை வாங்கற நெலமைக்கு நாங்க இன்னும் வரல" என்று முகத்திலடித்த மாதிரி சொல்லி அனுப்பிவிட்டாள் சாந்தம்மாள். அந்த ரோஷம் ஒன்றைத்தான் பன்றிகள் தின்னாமல் விட்டிருந்தன.

"வெயில் ஏறுது. சீக்கிரம் போடும்மா."

மனுஷன் நகர மாட்டார் போலிருந்தது. அவள் உள்ளே போய் முறத்தில் கிடந்த பதரை ஒரு பிடி அள்ளினாள். ஆத்தா கொடுத்தது இதுதான், இதையே வாங்கிக்கொள்ளட்டும். விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு வந்து, கூடைக்குள் கையை விட்டு உதறினாள்.

"சாயங்காலம் பொங்கலுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

போகக் கூடாது என்றுதான் இருந்தாள். பச்சையம்மா, நேற்று வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் மறந்தவளாக வந்து, கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

கோயில் முன்னால் பாய் விரித்துச் சாமையைக் குவித்திருந்தார்கள். வருஷா வருஷம் ஒரு மரக்கால் தேறும். இந்த வருஷம் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. கைப்பிடி போட வேண்டியவர்கள் கூடை கூடையாகக் கொட்டியிருந்தார்கள். தங்களுக்கு விளைந்ததைக் காட்டிக்கொள்கிறார்கள் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

படையல் முடிந்தது. பொங்கலுக்கு எடுத்ததுபோக இருப்பதை, போட்ட வீடுகளுக்கே பங்கு வைப்பது முறை. பஞ்சாட்சரம் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். எல்லாரும் ஒரே ஒரு கை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

கடைசியாக, "அர்ச்சுனன் வூடு" என்றார்.

சாந்தம்மாள் முந்தானையை நீட்டினாள்.

"அதுல எப்படிம்மா கொள்ளும்? கடைசிப் பங்குக்காரங்கதான் மிச்சத்தக் கூட்டி வாரிக்கணும். சாக்கு எடுத்துனு வா."

அவள் குவியலைப் பார்த்தாள். அப்புறம் ஊரைப் பார்த்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. பச்சையம்மா மட்டும் ஒரு சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு யாரும் தானம் தர வேணாம் மாமா."

"யாரு தானம் தந்தாங்க? போட்டவங்களுக்கு ஆத்தா தர்ற பங்கு இது. நீயும்தான போட்ட? போடாத வூட்டுக்கு ஒரு மணி தர எனக்கு முறையில்ல. அதுக்குத்தான் காலைல உன் வாசல்ல அவ்ளோ நேரம் நின்னேன்."

சாந்தம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. யார் காதிலும் விழாதபடி கிட்டே போனாள்.

"மாமா, நான் போட்டது பதரு."

பஞ்சாட்சரம் குனிந்து சாமையைச் சாக்கில் வாரிப் போட்டபடியே சொன்னார்.

"தெரியும். ஆத்தா கிட்ட சாமைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். நீ போயி உளறிடாத."