பார்வைக்கு மட்டும்

"போயும் போயும் எதிர்க்கட்சிக்காரி பக்கத்துலயா சார் போய் உக்காருவீங்க?"

கோர்ட்டில் வக்கீல்கள் அறையின் கதவைச் சாத்தியதும் சாத்தாததுமாக வக்கீலம்மா பொரிந்து தள்ளினார். கட்டட டிசைனர் குற்றவாளி மாதிரி நின்றார்.

"அந்தப் பொண்ணுதான்மா பையை நகத்தி இடம் விட்டுச்சு."

"விடும், விடும். நீங்க வாய் தவறி எதையாவது உளறுவீங்கன்னு பாக்குது."

சீனியர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் வழக்குக் கட்டு இன்று காலைதான் வக்கீலம்மா கைக்கு வந்திருந்தது. அரக்கப்பரக்கப் புரட்டியதில் தெரிந்தது இவ்வளவுதான். பாதி கட்டிய கட்டடம் ஒன்றில் சேர்ந்து மூன்றே நாள் ஆன சைட் இன்ஜினியர், மூன்றாம் மாடியில் ஒரு பிளைவுட் பலகை மேல் காலை வைத்திருக்கிறார். பலகைக்கு அடியில் தளம் இல்லை, குழாய் இறக்க விட்டிருந்த பெரிய ஓட்டைதான் இருந்தது. உயிர் அங்கேயே போய்விட்டது.

அச்சடித்த பிளானில் அந்த ஓட்டை இருக்கிறது. இறந்தவர் டேப்லெட்டில் வைத்திருந்த முப்பரிமாண மாடலில் அந்த இடம் கெட்டித் தளம். மாடலைச் செய்தவர் இந்த டிசைனர். அவர் பெயரையும் சேர்த்துத்தான் இறந்தவரின் மனைவி வழக்குப் போட்டிருந்தாள்.

"பிளான்ல இருக்கிற ஓட்டை மாடல்ல ஏன் சார் இல்ல?"

"கடைசி நேரத்துல மாத்தச் சொன்னாங்கம்மா. பிளான்ல போட்டு அனுப்பிட்டேன். மாடல்ல அடுத்த வாரம் போட்டுக்கலாம்னு விட்டேன், அப்படியே மறந்துபோச்சு. அவன் அதை நம்பிக் காலை வெச்சுட்டான்."

"அவன் இவன்னு பேசாதீங்க. செத்தவரை மரியாதையில்லாம பேசினா உள்ள நமக்குத்தான் கெட்ட பேரு."

டிசைனர் தலையாட்டினார்.

வக்கீலம்மா அடுத்த தாளைத் திருப்பினார். மாடலின் முகப்பில் டிசைனரின் கம்பெனி போட்டிருந்த ஒற்றை வரியைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது. 'இந்த மாடல் பார்வைக்கு மட்டும். கட்டுமானத்துக்கு அச்சடித்த பிளானே செல்லும்.'

"இந்த ஒரு வரி போதும் சார், தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிடும். பிளானைப் பாக்காம மாடலை நம்பினது அவர் தப்பு. இதுல கையெழுத்துப் போடுங்க. உங்க வேலையும் பிழைக்கும், லைசென்ஸும் பிழைக்கும்."

நீட்டிய வாக்குமூலத்தில் 'சைட் இன்ஜினியரின் அஜாக்கிரதையே காரணம்' என்று இருந்தது. டிசைனர் பேனாவின் மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"அவர் அஜாக்கிரதையான ஆள் இல்லம்மா. யார் மாடல் குடுத்தாலும் பிளானை விரிச்சு, ரெண்டையும் ஒத்துப் பாத்துட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்."

"நீங்க ஆபீஸ்ல உக்காந்து வரையறவர். சைட்ல அவர் எப்படின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

வக்கீலம்மாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்தான். அதற்காக எதிர்க்கட்சிக்கே வக்காலத்து வாங்குகிற கட்சிக்காரரை இப்போதுதான் பார்க்கிறார்.

"வெளியில இருக்கிற பொண்ணு உங்களைச் சந்திக்கு இழுத்திருக்கு. கொஞ்சம்கூடக் கோபம் வரலையா உங்களுக்கு?"

"நியாயமான கேஸ்தானேம்மா. கைக்குழந்தை வேற." சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்கள் நிரம்பிவிட்டன. சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டார்.

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே கூப்பிட இன்னும் பத்து நிமிடம்கூட இல்லை.

"சரி, நீங்க சொல்றபடியே இருக்கட்டும். எப்பவும் ஒத்துப் பாக்கிறவர், அன்னைக்கு மட்டும் ஏன் பாக்கல? அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க, இந்தக் காகிதத்தை நானே கிழிச்சுப் போட்டுடறேன்."

டிசைனர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"பக்கத்துல இருந்த மேஸ்திரி கேட்டிருக்கார்மா. 'சார், எதுக்கும் ஒரு தடவை பிளானைப் பாத்துடலாமா'ன்னு."

"அதுக்கு அவர் என்ன சொன்னாராம்?"

டிசைனர் கையெழுத்துப் போடாத தாளை வக்கீலம்மா பக்கமாகத் தள்ளினார்.

"'வேணாம் மேஸ்திரி, இது எங்கப்பா வரைஞ்சது'ன்னானாம்."