செயின்ட் லூயிஸ் இல்லாத வரைபடம்

ரால்ஃப் சமையலறை மேசை முழுக்க அமெரிக்க வரைபடத்தை விரித்துப் போட்டு, டெட்ராய்ட்டைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார்.

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது போன மாதம். இனி ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் பீட்சாவைத் தின்று பார்க்கப் போகிறாராம்.

ரசிக்க அல்ல. எங்கள் நியூ ஹேவன் பீட்சாவுக்குக் கிட்டே எதுவும் நிற்காது என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வர.

ஓல்ட் ஃபோர்ஜ் என்ற ஊரில் முழு பீட்சாவைத் 'தட்டு' என்கிறார்களாம். அதற்கே முகத்தைச் சுளித்தார். டெட்ராய்ட்டில் இரும்புச் சட்டியில் சதுரமாகச் சுடுகிறார்களாம். அதற்கு ஒரு பெருமூச்சு.

சிகாகோவில் நாள் முழுக்கக் கடை கடையாக அழைத்துப்போய்த் தின்னவைக்கும் சுற்றுலாவுக்கு இரண்டு சீட்டு வாங்கியாகிவிட்டது. அந்த வழிகாட்டியை நினைத்து எனக்கு இப்போதே பாவமாக இருந்தது.

அடுப்பில் ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் குழம்பு கொதித்தது. ஒரு கிளறு கிளறிவிட்டு வந்தேன். கையிலிருந்த போனை வரைபடத்தின் ஓரத்தில் கவிழ்த்து வைத்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"சிகாகோ வரைக்கும் போறோம்ல. அங்கேருந்து செயின்ட் லூயிஸ் அஞ்சு மணி நேரந்தான்."

பென்சில் நின்றது.

"பீட்சா இருக்குற ஊருக்கு மட்டுந்தான் போறோம், லொரெய்ன்."

செயின்ட் லூயிஸில் எங்கள் ஒரே மகள் கார்லா இருக்கிறாள். சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்ட பேத்தி இருக்கிறாள். அவளை ரால்ஃப் படத்தில் மட்டுந்தான் பார்த்திருக்கிறார்.

எல்லாம் கார்லா கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்தால் வந்தது.

அந்த விருந்து மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. சம்பந்தி டேல் வேமையர் செயின்ட் லூயிஸில் பீட்சாக் கடை வைத்திருப்பவர். அன்றைக்கு வியாபாரத்தை நிறுத்திவிட்டு, தன் கையாலேயே பீட்சா சுட்டு எல்லோருக்கும் பரிமாறினார். பிஸ்கெட் போல மெலிசு, சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கியது, பல்லில் ஒட்டும் ஏதோ ஒரு சீஸ்.

ரால்ஃப் தட்டைக் காலி செய்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தியின் தோளில் தட்டி, கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"பீட்சா எப்ப வரும்?"

மாப்பிள்ளை வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்கள் சிரித்தார்கள், அதுதான் இன்னும் மோசம். டேல் ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனவர், திரும்பி வரவே இல்லை.

மறுநாள் சர்ச்சில் கார்லா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. ஞாயிறுதோறும் எனக்கு மட்டும் போன் வரும்.

எங்கள் தெருவிலோ அந்த ஒரு கேள்வியால் ரால்ஃபுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. பீட்சாவுக்கு வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர்கள் திரும்பிக் கைகொடுத்தார்கள். இவரும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வரைபடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்த அன்றைக்கும் வந்தது.

"ஒரு கிண்டலுக்காகப் பெத்த பொண்ணையே விட்டுட்டு உக்காந்திருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் இருந்தார்.

"கிண்டல் இல்லடி," என்றார், தாழ்ந்த குரலில். "சாப்பாட்டுக்கு முன்னாடி கொறிக்கக் குடுக்குற பிஸ்கெட்டுன்னு நெனச்சுட்டேன். நல்லா வேற இருந்துச்சா, தின்னுக்கிட்டே போயிட்டேன். பீட்சாவுக்கு வயித்துல எடம் வேணுமேன்னுதான் கேட்டேன்."



"அத அன்னிக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நியூ ஹேவன்காரனுக்கு பீட்சா எதுன்னு தெரியலன்னு சொல்லச் சொல்றியா? அதுக்குத் திமிர் புடிச்சவன்னே இருந்துட்டுப் போறேன்."

நான் போனைத் திருப்பி வைத்தேன்.

ஞாயிறு அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வருவாரா மாட்டாரா, அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று கார்லா கேட்டதால் துண்டிக்காமல் வைத்திருந்தேன்.

ரால்ஃபின் முகம் வெளிறிப்போயிற்று. பென்சில் உருண்டு தரையில் விழுந்தது.

 போனில் குழந்தை எதையோ தட்டும் ஓசை. பிறகு ஒரு கதவு சாத்தப்படும் ஓசை. அதற்குப் பிறகுதான் மகளின் குரல், கிசுகிசுப்பாக.

"அப்பா, மெதுவாப் பேசுங்க, அடுத்த ரூம்ல மாமனார் இருக்காரு. மூணு வருஷமா நானும் அந்த பிஸ்கெட்டதாம்ப்பா தின்னுக்கிட்டிருக்கேன். வரும்போது நம்ம ஊரு சிப்பிக்கறி போட்ட பீட்சா ரெண்டு கொண்டு வாங்க. பெட்டி வெளிய தெரிய வேணாம்."

ரால்ஃப் மேசையில் கையூன்றிக் குனிந்தார்.  போனைப் பார்த்துத் தலையை மட்டும் பலமாக ஆட்டினார், அவள் கண்ணுக்குத் தெரியும் என்பதுபோல.

பிறகு ரப்பரை எடுத்தார். ஓல்ட் ஃபோர்ஜை அழித்தார். டெட்ராய்ட்டை அழித்தார். சீட்டு வாங்கியிருந்த சிகாகோவையும் அழித்தார்.

"வழியில எங்கயும் நிறுத்தக் கூடாது, கெட்டுப்போயிரும்," என்றார். "பெரிய ஐஸ் பெட்டிய எங்கடி வெச்சே?"