சேர்வர் பெட்டியிலை ஒட்டியிருந்த நம்பர்

மூண்டரை மணியாச்சு. கடிதம் ஏறுதில்லை.

நான் பருத்தித்துறையிலை ஒரு மீனவர் சங்கத்திலை கிளாக்கர். முன்கதிரையிலை பத்மாவதி அக்கா, மகளின்ரை கம்பஸ் படிப்புக்கான அனுமதிக் கடிதத்தை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தா. நாலு மணிக்கு முன்னம் அதைச் சங்கத்தின்ரை வெப்சைட்டிலை ஏத்தவேணும். நாலுக்கு வெளிநாட்டிலை உள்ள எங்கடை ஆக்கள், தாங்கள் உதவிற பிள்ளையளின்ரை பட்டியலை எடுத்திடுவினம். பிறகு அந்தப் பிள்ளைக்குப் படிப்புக்கு உதவி இல்லை.

எத்தினை தரம் அமத்தினாலும் ‘அனுமதி இல்லை’ எண்டுதான் வருது. எனக்கு விசர் வந்திட்டுது. வெப்சைட்டைப் பாக்கிற கொம்பனியின்ரை எண்டு சேர்வர் பெட்டியிலை ஒட்டியிருந்த நம்பருக்குக் கோல் எடுத்தன்.

“தம்பி, உதுக்குத்தானோ உங்கடை கொம்பனியை வைச்சிருக்கிறம்? ஒண்டும் ஏறுதில்லை.”

“பதறாதேங்கோ அக்கா. கடைசியா என்ன மாத்தினீங்கள்?”

“இடம் காணாதெண்டு நேற்று கடிதங்கள் கிடக்கிற ஃபோல்டரைப் புது டிஸ்குக்கு மாத்தினன்.”

“அப்ப ஃபோல்டர் இப்ப உங்கடை பேரிலை கிடக்கு. வெப்சைட்டாலை அதுக்குள்ளை எழுத ஏலாது.”

“எல்லாருக்கும் திறந்து விடுவம். ஏழு ஏழு ஏழு எண்டு போட்டாச் சரியாம், யூடியூப்பிலை பாத்தனான்.”

“வேண்டாம் அக்கா. பிறகு ஆரெண்டில்லாமல் உள்ளுக்கை வந்து பிள்ளையளின்ரை கடிதங்களை அழிச்சுப்போடுவினம். வெப்சைட்டின்ரை பேருக்கு மட்டும் மாத்துவம். நான் சொல்லச் சொல்ல அடியுங்கோ.”

அடிச்சுக்கொண்டே சொன்னன்.

“போன வருசம் உங்கடை கொம்பனியிலை ஒருத்தன் இருந்தவன். அவனும் இதையேதான் சொன்னவன். திறந்துவிடச் சொல்ல, மாட்டனெண்டு மெயில் போட்டவன். நல்லா எழுதிப் போட்டன் கொம்பனிக்கு ஒரு கடிதம்.”

லைன் அறுந்துபோச்சோ எண்டு பாத்தன்.

“அடுத்த வரியை அடியுங்கோ அக்கா” எண்டான்.

ஒரு எழுத்தைப் பிழையா அடிச்சுப்போட்டன். ஏசாமல் திருப்பிச் சொன்னான். மூண்டு ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் ஏறிச்சுது. பத்மாவதி அக்கா சீலைத் தலைப்பாலை கண்ணைத் துடைச்சா.

“பெரிய உபகாரம் தம்பி. உங்களை மறக்கமாட்டம். பேரைச் சொல்லுங்கோ, கொம்பனிக்கு நன்றிக் கடிதம் ஒண்டு போடுறன்.”

“டினேஸ். இது என்ரை சொந்த நம்பர் அக்கா, அங்கை வேலை செய்யேக்கை நான்தான் ஒட்டினனான். நான் இப்ப அங்கை இல்லை. நீங்கள் முந்திப் போட்ட கடிதத்தோடையே என்னை நிப்பாட்டிப் போட்டினம்.”

பேர் எழுத எடுத்த பேனையை மேசையிலை வைச்சன்.

“இன்னும் எட்டு நிமிசம் இருக்கு அக்கா. வேறை ஆரின்ரையும் பிள்ளையின்ரை கடிதம் விடுபட்டிருக்கோ எண்டு பாருங்கோ. நான் லைனிலை நிக்கிறன்.”